அப்பச்சோடாவும் வினாகிரியும்

தேனீயைப் பற்றி ஒரு பாடவேளை முழுக்க மூச்சுவிடாமல் பேச என்னால் முடியும். கரும்பலகையில் மூன்று வட்டம் போட்டு, ராணி, வேலைக்காரி, ஆண் என்று மூன்று நிறச் சோக்கில் பிரித்துக் காட்டுவேன். தேனீக்களின் நடனத்துக்குப் பொருள் கண்டுபிடித்த கார்ல் வொன் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு வாங்கிய கதையை, மேடையேறி வாங்கியது நான்தான் என்ற தொனியில் சொல்வேன். பாடசாலைக்கு மேலே நிற்கும் டர்பன்டைன் மரத்தில் தொங்குவது தேனீக் கூடா குளவிக் கூடா என்று மட்டும் சொல்லத் தெரியாது. வெகுகாலம் தெரியாமலேயே இருந்தது. தெரியாது என்பதை ஒருவரிடமும் மூச்சுவிட்டதும் இல்லை.

ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞானம் படிப்பித்தே என் தலை நரைத்தது. ஆனால் நான் டவுன்காரன். வளர்ந்தது கடைவீதியில். கொழுந்துக்கூடை தலையில் எப்படி நிற்கிறது என்பதே எனக்கு இன்றுவரை பௌதிகவியல் புதிர். லயத்தில் பிறந்து, தேயிலைச் செடிகளுக்கிடையில் ஓடியாடி வளர்ந்த பிள்ளைகளுக்குப் பூச்சிகளைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருகிறது. அந்தப் பிள்ளைகள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததற்கு ஒரு சதமும் வாங்கியதில்லை.

தரம் எட்டில் ஒரு நாள் தேனீயையும் அதன் கூட்டையும் வரையச் சொன்னேன். மஞ்சளும் கறுப்பும் வரிவரியாய், சிரித்த வாயும் நீண்ட கண்ணிமையுமாய்த் தேனீக்கள் வந்தன. ஒன்றின் கையில் வாளிகூட இருந்தது. கூடு என்று எல்லாரும் வரைந்தது வளையம் வளையமாக மேலே குறுகிப்போகும் ஒரு மஞ்சள் குவிமாடம். நடுவில் வட்டமாய் ஒரு வாசல். அது ஐரோப்பிய விவசாயிகள் ஒரு காலத்தில் வைக்கோலில் பின்னி வைத்த தேன்கூடை. மஸ்கெலியாவில் அதைக் கண்ட மனிதர் கிடையாது. தேன் போத்தல் லேபிளிலிருந்தும் கார்ட்டூனிலிருந்தும் இறங்கி வந்த கூடு. நான் எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். வாளி வைத்திருந்த தேனீக்கு ஒரு நட்சத்திரமும் போட்டேன்.

சில நாள் கழித்து, அதே வகுப்பில், வேறொரு பேச்சின் நடுவில், குளவியை வரையச் சொன்னேன். அதே பிள்ளைகள்தான். ஆனால் படம் வரைந்த கை வேறு. உயரமான மரம், தடித்த கிளை, கிளைக்கு அடியில் பாதி நிலா வடிவில் ஒற்றைப் பலகையாய்த் தொங்கும் கூடு. பலகை தெரியாதபடி பூச்சிகள் மூடியிருந்தன. எல்லாவற்றுக்கும் தலை மேலே, வால் கீழே. வயிற்றின் முன்பாதிக்குச் செம்மஞ்சள், பின்பாதிக்குக் கறுப்பு. ஒருவன் கூட்டின் மேல் வளைவுவளைவாய்க் கோடுகள் இழுத்திருந்தான். என்னவென்று கேட்டேன்.

“காத்தே இல்லாம அலையடிக்கும் சேர். இந்தக் கரையில தொடங்கி அந்தக் கரைக்குப் போகும்.”

கோடுகள் படத்தைக் கெடுக்கின்றன என்று சொல்லி அழிக்க வைத்தேன். பல காலம் சென்று ஒரு நூலில் வாசித்தேன். பெருந்தேனீக்கள் தங்களை வேட்டையாட வரும் பெரிய குளவிகளைக் கண்டால், கூட்டின் மேல் வரிசையாக வயிற்றைத் தூக்கி இறக்கி ஓர் அலையை ஓடவிடுமாம். ஒரு நொடிக்குள் கூடு முழுக்க அந்த அலை பரவிவிடும். எதிரி குழம்பி விலகிப் போகும். விஞ்ஞானிகள் அதிவேகக் கமரா வைத்துப் படம்பிடித்து ஆராய்ந்த விடயம். என் மாணவன் பென்சிலால் பிடித்தான். நான் அழிறப்பர் கொடுத்தேன்.

அந்த நூல் இன்னொன்றையும் செய்தது. அதிலிருந்த பெருந்தேனீயின் படமும், பிள்ளைகள் ‘குளவி’ என்று வரைந்த படமும் ஒன்று. பிரிக்க முடியாதபடி ஒன்று. சிரித்த முகத்தோடு வாளி தூக்கியதும், கொழுந்து பறிக்கும் பெண்களை வாட்டில் படுக்க வைத்ததும் இரண்டும் தேனீக்கள்தாம். உண்மையான குளவியும் மலைநாட்டில் இருக்கிறது. மரநாரை மென்று கடதாசியாக்கி, உருண்டையாய் மூடிய கூடு கட்டும் அது. பிள்ளைகளுக்கு அதுவும் தெரியும். “பானை மாதிரி இருக்கறது வேற சேர், இது வேற” என்பார்கள். பத்திரிகைக்கு இரண்டும் குளவிதான். பாடநூலுக்குத் தேனீ என்றால் பெட்டிக்குள் அடங்கி இருப்பது. பரீட்சைக்கு ஒரு தேனீ, மலைக்கு ஒரு குளவி என்று பிள்ளைகள் தங்கள் அறிவை இரண்டு கொப்பிகளில் எழுதி வைத்திருந்தார்கள். இரண்டாவது கொப்பியை நான் கேட்டதே இல்லை.

கேட்டிருக்க வேண்டிய காரணம் எங்கள் ஊர்ச் செய்தியிலேயே இருக்கிறது. ‘குளவிக் கொட்டுக்கு இலக்காகி’ என்று செய்தி தொடங்கினால் மீதியைத் தோட்டத்துப் பிள்ளை யாரும் முடித்து வைத்துவிடும்: கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இத்தனை பெண்கள், டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையில் அனுமதி. 2017இல் இந்தியப் பிரதமர் வந்து திறந்துவைத்த அதே வைத்தியசாலை. மரத்திலுள்ள கூட்டைத் தேன்பருந்து வந்து மோதும். அடைப்பலகைக்குள்ளிருக்கும் புழுவும் தேனும் அதற்குச் சாப்பாடு. அது தன் பங்கைப் பிய்த்துக்கொண்டு பறந்துவிடும். கலைந்த கூட்டம் கீழே நிரையில் குனிந்து நிற்கும் பெண்கள் மேல் இறங்கும். முதுகில் கூடை, இடுப்பில் இறுக்கிக் கட்டிய படங்கு, காலடியில் சரிவு, இரண்டு பக்கமும் இடுப்பளவுச் செடி. ஓடுவதற்கு இதைவிடத் தோதில்லாத இடமும் உடுப்பும் உலகத்தில் இருக்காது. சிலர் திரும்பி வருவதில்லை.

என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சில நாட்கள் வரவில்லை. இடாப்பில் ‘சுகவீனம்’ என்று பதிந்தேன். சுகவீனம் அவளுக்கில்லை, அம்மாவுக்கு. இவள் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றாள். அவள் வராத நாட்களில்தான் நான் ‘சமூகப் பூச்சிகளால் மனிதனுக்குக் கிடைக்கும் நன்மைகள்’ பாடத்தை நடத்தி முடித்தேன். திரும்பி வந்தவளிடம் விடுபட்ட குறிப்பை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். எழுதிக்கொண்டு வந்தாள். தேன், மெழுகு, மகரந்தச்சேர்க்கை. கையெழுத்து வழக்கம்போல அழகாகத்தான் இருந்தது.

இனி என் கழுத்துக் கதைக்கு வருகிறேன்.

அமிலமும் காரமும் பாடத்தில் எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று இருந்தது. தேனீ கொட்டினால் அது அமிலம், அப்பச்சோடா பூசு. குளவி கொட்டினால் அது காரம், வினாகிரி பூசு. நடுநிலையாக்கம் முற்றும். வாழ்க்கையோடு ஒட்டிய உதாரணம் என்று பாடத்தைப் பார்வையிட வந்த அதிகாரிகளும் தலையாட்டியிருக்கிறார்கள். உலகம் முழுக்கப் பல பாடநூல்களில் இருக்கும் உதாரணம்தான்; நான் தனியே செய்த குற்றமல்ல என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஒரு பிற்பகல் பஸ்ஸைப் பிடிக்கக் குறுக்குப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் பிள்ளைகள். என் தலையைச் சுற்றி ஏதோ இரைந்தது. கையிலிருந்த இடாப்பால் வீசி அடித்தேன்.

“அடிக்காதீங்க சேர்! அடிக்காதீங்க! மூஞ்சியப் பொத்திகிட்டு ஓடுங்க!”

ஒரு விஞ்ஞான ஆசிரியர் மாணவர் முன்னால் ஓடுவதா? நின்று அடித்தேன். ஒன்றை நசுக்கியும் விட்டேன். நசுங்கிய தேனீயின் கொடுக்கடியிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். அதிலுள்ள ஐசோபென்டைல் அசற்றேற்றுக்கு வாழைப்பழ எசன்ஸ் மணம். மற்றத் தேனீக்களுக்கு அது ‘எதிரி இங்கே’ என்ற அழைப்பு. கழுத்தில், காதில், மீண்டும் கழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு ஓடினேன். மெதுவாக ஓடியிருந்தால்கூட மரியாதை மிஞ்சியிருக்கும். செருப்பை விட்டுவிட்டு ஓடினேன்.

பணிய லயத்து இஸ்தோப்பில் என்னை உட்கார வைத்தார்கள். ஒரு பாட்டி வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பை வழித்துக்கொண்டு வந்தார். “வேண்டாம் அம்மா” என்று தடுத்து, விஞ்ஞானபூர்வமாய்ச் செய்ய வேண்டும் என்று விளக்கினேன். அப்பச்சோடாவோ வினாகிரியோ இருக்கிறதா? இரண்டும் இருந்தன. எது வேண்டும் மாஸ்டர் என்று கேட்டார். அது எது கொட்டியது என்பதைப் பொறுத்தது. எது கொட்டியது என்பதுதான் எனக்குத் தெரியாதே. பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்ல மனம் வரவில்லை. “இரண்டையும் கொண்டு வாங்க” என்றேன்.

இரண்டையும் பூசினேன். கழுத்தில் நுரைத்தது. எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் இரசாயனப் பொருள் இல்லாததால் நான் செய்துகாட்டாமல் விட்டிருந்த பரிசோதனையை அந்த வகுப்பு முழுதாகப் பார்த்தது அன்றுதான்: அமிலமும் காரமும் ஒன்றையொன்று நடுநிலையாக்கின, காபனீரொட்சைட்டு வெளியேறியது, ஆசிரியரின் வலி அப்படியே இருந்தது.

ஒரு பெண்பிள்ளை கிட்ட வந்து எட்டிப் பார்த்தாள். “கொடுக்கு இன்னும் இருக்கு சேர்” என்று சொல்லிக்கொண்டே நகத்தால் சுரண்டி எடுத்துப் போட்டாள். தேனீயின் கொடுக்கில் முள் உண்டு; கொட்டினால் தோலில் சிக்கி, நஞ்சுப்பையோடு பிய்ந்து நின்றுவிடும். பிய்ந்த பிறகும் பை துடித்துத் துடித்து நஞ்சை உள்ளே தள்ளும். அதனால் எவ்வளவு சீக்கிரம் அகற்றுகிறோமோ அவ்வளவுக்கு நல்லது. குளவி கொடுக்கை விட்டுச் செல்லாது. திரும்பத் திரும்பக் கொட்டும். ஆக, என் கழுத்தை ஒரு பார்வை பார்த்து, கொட்டியது எது என்று முடிவுசெய்து, சிகிச்சையும் கொடுத்துவிட்டாள். அந்தத் தவணைப் பரீட்சையில் அவளுக்கு விஞ்ஞானத்தில் நான் போட்டிருந்த புள்ளியை இங்கே எழுதமாட்டேன்.

பிறகு தேடி வாசித்ததில், நஞ்சு தோலுக்கடியில் போய்விடுவதால் மேலே எதைப் பூசினாலும் அங்கே எட்டாது என்று தெரிந்தது. வலிக்குக் காரணம் அமிலமுமில்லை காரமுமில்லை. மெலிற்றின் முதலான புரதத் துண்டுகள். குளவியின் நஞ்சு ஏறக்குறைய நடுநிலையானது. நடுநிலையாக இருப்பதை வினாகிரியால் நடுநிலையாக்கச் சொல்லித்தான் நான் இத்தனை தலைமுறைப் பிள்ளைகளை அனுப்பி வைத்திருக்கிறேன். மூச்சு இழுத்தால், உடம்பு தடித்தால், தலைசுற்றினால் செய்யவேண்டியது ஒன்றுதான்: வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது, அங்கே அதிரினலின் ஊசி இருக்கிறது. பலமுறை கொட்டுப்பட்டவர்களுக்கு ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிறுநீரகம் பாதிக்கப்படுவதும் உண்டு. இந்த இரண்டு வரியை நான் ஒருபோதும் கரும்பலகையில் எழுதியதில்லை. அப்பச்சோடாவுக்குச் சமன்பாடே எழுதினேன்.

ராணி விவகாரம் இதைவிடச் சிக்கலானது. தேன்கூட்டை விளங்கப்படுத்தும் எந்த ஆசிரியருக்கும் தோட்டத்தில் ஒரு சுலபவழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ராணிதான் துரை, வேலைக்காரத் தேனீக்கள் தொழிலாளர் என்று சொல்லிவிட்டால் வகுப்புக்கு உடனே புரிந்துவிடும். நான் சொன்னேன். புரிந்துவிட்டது. அதுதான் பிரச்சினை.

“அப்ப பெரட்டு யாரு வைக்கிறது சேர்?”

ராணி என்றேன்.

“காலையில எந்த மலைக்குப் போகணும்னு ராணி சொல்லுமா?”

சொல்லும் என்றேன். கங்காணி இருக்கிறாரா, கணக்கப்பிள்ளை இருக்கிறாரா, கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடுவார்களா என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. நானும் உற்சாகத்தில் ஒவ்வொரு பதவிக்கும் ஒரு தேனீயை நியமித்துக்கொண்டே போனேன். மணி அடித்தபோது தேன்கூட்டுக்குள் ஒரு தோட்ட நிர்வாகமே முழுதாய் நடந்துகொண்டிருந்தது.

உண்மை வேறு. ராணி யாருக்கும் கட்டளையிடுவதில்லை. அதன் வேலை முட்டையிடுவது. வேலைக்காரிகள் வயதுக்கேற்ப வேலையை மாற்றிக்கொள்கின்றன: பிறந்ததும் அறை துப்புரவு, பிறகு புழுவுக்கு ஊட்டுதல், மெழுகு கட்டுதல், வாசல் காவல், ஏறக்குறைய மூன்று வாரம் ஆனபின் வெளியே பூத்தேடல். எந்தப் பக்கம் பூ இருக்கிறது என்பதைப் போய்வந்தவள் ஆடிக் காட்டுகிறாள், நம்புகிறவள் போகிறாள். பெருந்தேனீயோ திறந்த பலகையில், வெட்டவெளியில் நின்று ஆடும். பெரட்டும் இல்லை, துரையும் இல்லை, வேலை நடக்கிறது. இதை அடுத்த ஆண்டு வகுப்பில் திருத்திச் சொன்னேன். ஒருவனும் நம்பவில்லை. துரை இல்லாமல் வேலை எப்படி நடக்கும் சேர் என்று கேட்டான் ஒருவன். அவன் அப்பா தொழிற்சங்கத்தில் தோட்டத் தலைவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அதே பாடத்தில்தான் கொட்டுவது பெண் தேனீ மட்டுமே, ஆணுக்குக் கொடுக்கு கிடையாது என்றும் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

“மலைக்குப் போறதும் பொம்பளைங்க. கொட்டுறதும் பொம்பளைங்க. ஆம்பளைத் தேனீ என்ன சேர் பண்ணும்?”

வேலை ஒன்றும் செய்யாது, மற்றவர் கொண்டுவருவதைச் சாப்பிடும் என்றேன். வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். யாருடைய மாமா, யாருடைய சித்தப்பா என்று பெயர்கள் பறந்தன. நான் சத்தம் போட்டு அடக்கினேன். ஆண் தேனீயின் ஒரே பணியைச் சொல்லாமல் அடுத்த தலைப்புக்குத் தாவினேன். அந்தத் தலைப்பு கறையான்.

கறையான் செத்த மரத்தைத் தின்னும், மண்ணில் புற்றெடுக்கும். குறிப்பு அப்படித்தான் சொன்னது. மறுநாள் ஒரு பையன் காகிதத்தில் சுற்றி ஒரு தேயிலைத் தண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். அவன் அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். வெட்டிய முகம் பச்சை. நடுவே குடைந்த வழி. வழியில் வெளிறிய பூச்சிகள் நகர்ந்தன. “இது உசிரோட இருந்த செடி சேர். புத்தும் இல்ல” என்றான். மலைநாட்டுத் தேயிலையில் உயிருள்ள மரத்தையே வீடாகவும் சோறாகவும் வைத்துக்கொள்ளும் கறையான் இனம் ஒன்று இருக்கிறது. போஸ்ட்எலெக்ட்ரோடெர்மஸ் மிலிற்றாரிஸ் என்று பெயர். கவ்வாத்து வெட்டில் பட்டுப்போன முனை வழியே புகுந்து, உள்ளே ஆண்டுக்கணக்காய்க் குடியிருக்கும். வெளியே செடி கொழுந்து விட்டுக்கொண்டே நிற்கும். தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் எத்தனையோ காலமாய் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். அந்த நிலையம் பஸ் போகும் தூரத்தில்தான் இருக்கிறது. எனக்கு அந்தப் பூச்சியை அறிமுகப்படுத்தியது கவ்வாத்துக் கத்தி. பூச்சியை வெள்ளெறும்பு என்று எழுதிப் போத்தலில் போட்டு வைத்தேன். கறையான் எறும்பே அல்ல, கரப்பானின் உறவு என்பதை லேபிள் காய்ந்த பிறகு வாசித்தேன்.

கழுத்து வீக்கம் வற்றிய பிறகு எனக்குச் சுற்றாடல் ஞானம் பிறந்தது. குளவி என்றாலே தீப்பந்தம் கட்டிக் கொளுத்தும் வழக்கத்தை மாற்றவேண்டும் என்று ஒரு பெரிய மட்டையில் எழுதி வாசலில் மாட்டினேன். தேனீ அழிந்தால் மனிதன் நான்கே ஆண்டில் அழிவான் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாய் மேலே. தேனீ இல்லையேல் தேயிலை இல்லை என்று கீழே. ஐன்ஸ்டைன் அப்படிச் சொன்னதற்கு எங்கும் ஆதாரம் கிடையாது. அது போகட்டும், அவரை வைத்து எழுதாத மட்டை எது? இரண்டாவது வரிதான் என்னைக் கவிழ்த்தது. நாற்றுத் தவறணையில் வேலைசெய்யும் ஒரு தாயின் மகள், மிகுந்த மரியாதையோடு, தனியாக வந்து கேட்டாள்:

“சேர், அம்மா ஒத்தை இலையோட குச்சி வெட்டித்தான் பையில நடுறாங்க. விதை போடுறதே இல்ல. பூ பூக்கிறதுக்கு முன்னாடி கொழுந்த எடுத்துர்றாங்க. தேனீ எதுக்கு சேர்?”

எதற்குமில்லை. இலைக்காக வளர்க்கும் பயிருக்கு மகரந்தச்சேர்க்கை தேவையில்லை. லயத்துப் பின்னால் ஓடும் பூசணிக்கொடிக்குத் தேவை, அதை எழுதியிருக்கலாம். அப்போது ‘பூசணி’ அவ்வளவு கம்பீரமாய்த் தோன்றவில்லை.

மட்டையைக் காப்பாற்ற நான் எடுத்த அடுத்த அஸ்திரம் உண்மையிலேயே நல்ல கதை. 1930களில் சுருட்டுப்புழு என்ற தேயிலைப் புழு இலங்கைத் தோட்டங்களை உலுக்கியது. 1935–36இல் ஜாவாவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், மக்ரோசென்ட்ரஸ் ஹொமோனே. அது புழுவுக்குள் முட்டையிட்டுப் புழுவை உள்ளிருந்தே தீர்த்துக்கட்டியது. பின்னாளில் வேறொரு பூச்சிக்காக டீல்ட்ரின் அடித்தபோது அந்தக் குளவி செத்து, சுருட்டுப்புழு மீண்டும் தலையெடுத்தது. தேயிலையைக் காப்பாற்றியது குளவி! காலைக் கூட்டத்தில் கையை உயர்த்தி அறிவித்தேன்.

“அப்ப அதுக்கு எங்க அப்பாயி மேல என்ன சேர் கோவம்?” என்று முன்வரிசையில் ஒரு சின்னவன் கேட்டான்.

அந்தக் குளவிக்குக் கோபமில்லை. அது கூடு கட்டாது, கூட்டமாய் வாழாது, மனிதனைக் கொட்டாது. அப்பாயியைக் கொட்டிய இனத்துக்கும் அதற்கும் இருக்கும் உறவு மிகவும் தூரம். ஜாவாக் குளவியின் நற்சான்றிதழை எடுத்துக்கொண்டு போய் டர்பன்டைன் மரத்துக் கூட்டில் ஒட்டப் பார்த்தேன் நான். சின்னவன் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றான். தேசிய கீதத்தைத் தொடங்கச் சொன்னேன்.

குளவி என் பேச்சுத்திறமையையும் விட்டுவைக்கவில்லை. ஒக்டோபர் 6, ஆசிரியர் தினம். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்ற பழமொழியை எடுத்துக்கொண்டு உருக்கமாய்ப் பேசினேன். மண்கூட்டில் புழுவை வைத்துக் குளவி கொட்டிக் கொட்டித் தன்னைப்போல் ஆக்குகிறதே, ஆசிரியரும் அப்படித்தான். கைதட்டல். விழா முடிந்ததும் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பழைய மாணவன் ஒருவன் என்னை வணங்கிவிட்டு மெதுவாகச் சொன்னான். குளவி கொட்டுவது புழு அசையாமல் கிடப்பதற்காக. கூட்டுக்குள் தன் முட்டையையும் இட்டு மூடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு அந்தப் புழுவை உயிரோடு தின்று வளரும். வெளியே வருவது அந்தக் குஞ்சு. “புழு மாறுறதில்ல சேர். முடிஞ்சிருது.” நான் படிப்பித்த பாடம் இல்லை அது. அடுத்த ஆண்டு விழாவில் நன்றியுரையை எனக்குக் கொடுத்தார்கள்.

எறும்பு விடயத்தில் பேராசைப்பட்டேன். அனியூரெட்டஸ் சிமோனி என்று ஓர் எறும்பு. உலகத்தில் இலங்கையில் மட்டுமே வாழ்கிறது. அதன் துணைக்குடும்பத்தில் உயிரோடு மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். சொந்தக்காரர் எல்லாம் பால்டிக் கடலோர அம்பர் போன்றவற்றில் படிமங்களாய்க் கிடக்கிறார்கள். 1955இல் எட்வர்ட் வில்சன் என்ற அமெரிக்க இளைஞர் இதைத் தேடி இலங்கை வந்து, இரத்தினபுரிப் பக்கத்துக் காட்டில் கண்டுபிடித்தார். பிற்காலத்தில் எறும்பு ஆய்வில் உலகப்புகழ் பெற்றவர். வாசித்ததும் எனக்கு உடல் சிலிர்த்தது. சிவனொளிபாதமலையின் அந்தப் பக்கம் இருந்தால் இந்தப் பக்கமும் இருக்கும்தானே? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, சீனியும் கண்ணாடிப் போத்தலுமாய் மஸ்கெலியாக் குளிரில் காட்டோரம் அலைந்தேன். அது தாழ்நாட்டு ஈரக் காட்டு எறும்பு. நாங்கள் நின்ற உயரத்துக்கு ஏறி வராது. கிடைத்தது அட்டைக் கடி. “எறும்பு வேணும்னா எங்க அடுப்படிக்கு வாங்க சேர்” என்றாள் ஒருத்தி. போனேன். தேத்தண்ணியும் ரொட்டியும் கிடைத்தன. எறும்பும் ஏராளமாய்க் கிடைத்தது, எல்லாம் சாதாரணப் பிள்ளையார் எறும்பு.

அந்த அடுப்படியில்தான் கவனித்தேன். பெரியவர்கள் சாயங்காலம் பேசிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். எந்த மலையில், எந்த மரத்தில், எந்தக் கிளையில் புதிதாய்க் கூடு தொங்குகிறது. கான் ஓரத்தில் பானைக்கூடு எங்கே. தேன்பருந்து இரண்டு நாளாய்ச் சுற்றுவது எங்கே. காலையில் பாடசாலை வரும் வழியில் இந்தத் தகவல் ஒரு லயத்திலிருந்து மறு லயத்துக்குக் கைமாறிவிடும். பாதையையே அதற்கேற்ப மாற்றிக்கொண்டு நடப்பார்கள். என் கழுத்து புண்ணான பாதையைப் பற்றி அன்று காலையே எல்லாருக்கும் தெரிந்திருந்ததாம். நான் கேட்கவில்லை என்பதால் ஒருவரும் சொல்லவில்லை.

அதை ஒரு வரைபடமாக்கினோம். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோடு போட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான். தோட்டத்தின் மலைகள், பாதைகள், கான்கள், மரங்கள், கூடுகள். பலகைக்கூட்டுக்குச் சிவப்பு, பானைக்கூட்டுக்குக் கறுப்பு. பார்த்தால் தோட்ட அலுவலகமே கேட்டு வாங்கும் போலிருந்தது. என் பங்களிப்பு எதுவும் அதில் இல்லையே என்ற ஆதங்கத்தில் ஹட்டன் டவுனுக்குக் கொண்டுபோய், பெரிய அளவில் லமினேட் பண்ணிக்கொண்டு வந்தேன்.

பெருந்தேனீ ஓரிடத்தில் நிலையாய் இருப்பதில்லை. பூ முடிந்தால் கூட்டை அப்படியே காலியாய் விட்டுவிட்டு, திரளாய்ப் பெயர்ந்து போய்விடும். பூக்காலம் வந்ததும் திரும்பி வரும். பல வேளை அதே மரத்துக்கு. இலங்கைப் பெருந்தேனீக்களின் இந்தப் போக்குவரத்தைப் பற்றி ஜெர்மனியக் கோனிகர் தம்பதி 1980இலேயே கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்டுரையைப் பற்றி எனக்குத் தெரியவந்தபோது வரைபடம் லமினேட் ஆகி, சுவரில் ஆணி அடித்து ஏறிவிட்டது. அடுத்த தவணை தொடங்கியபோது சிவப்புப் புள்ளிகளில் பெரும்பாதிக்கு மேல் துண்டுக்கடதாசி ஒட்டி ‘போயிருச்சு’ என்று எழுதியிருந்தார்கள். டர்பன்டைன் பூத்த பிறகு சில துண்டுகள் கிழிக்கப்பட்டு, ‘வந்துருச்சு’ என்று வேறு துண்டு. பானைக்கூடு ஒன்றை யாரோ இடம்மாற்றி ஒட்டியிருந்தார்கள். நான் பாதைக் கோட்டைத் தப்பாய்ப் போட்டிருந்தேனாம்.

லமினேட் செலவைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கில் எழுதித் தரும்படி பற்றுச்சீட்டோடு அதிபரிடம் போனேன். அவர் சுவரைப் பார்த்தார், ஒட்டிய துண்டுகளை ஒன்றொன்றாய் வாசித்தார், பற்றுச்சீட்டை என் பக்கம் நகர்த்தினார். “இதுக்குக் கரும்பலகை போதுமே மாஸ்டர்” என்றார்.